ஆறு மாதச் சோதனை

சாவியை எடுத்தாயிற்று.
பற்றரியின் சிவப்பு வயரைக் கழற்றி
அதன் முனைக்குச் சைக்கிள் டியூப் துண்டொன்றும் மாட்டியாயிற்று.
இனி ஐந்து நிமிடம் ஒருவரும் தொடக் கூடாது.

"ஓஃப் தானேகா, பிறகென்ன பயம்?"
என்கிறார் லாபிர் நானா.
ஓஃப்தான். ஆனால் கப்பாசிற்றருக்கு அது உடனே விளங்காது.
கொடுத்தவன் போன பிறகும்
கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும்.
மீற்றரை வைத்துக் காட்டினேன்.
ஐம்பத்தாறு. நாற்பத்தொன்பது. நாற்பத்திரண்டு.
"இறங்குது, இறங்குது" என்றார்,
லீசிங் கடனை யாரோ வந்து கட்டித் தருவதுபோல.

நாவற்குடாவில் இந்த மாதம் கச்சான் அடிக்கும்.
தகரம் சுடுகிறது.
கடல் முந்நூறு யார்; உப்புக்கு
முகவரி சொல்லத் தேவையில்லை.
பின்பெட்டியைத் திறந்து சீனிப் பணிஸ் ஒன்று நீட்டினார்.
கையெல்லாம் கிறீஸ் என்றேன்.
தாளில் சுற்றி, வைஸின் தாடைக்குள் வைத்துவிட்டார்.

பெற்றோல் வரிசையில் மூன்று இரவு படுத்த மனுசன்.
நாலாம் நாள் அவர் முறைக்கு முன்னால்
இரண்டு வண்டியோடு கயிறு கட்டினார்களாம்.
வீட்டில் குழைத்து வைத்த மா
பாத்திரத்தை விட்டு எழும்பி மேசையில் நடந்ததாம்.
"மறுகா என்ன செய்ய?
எஞ்சினை வித்துப்போட்டு இதைப் பூட்டினன்."
காத்தான்குடிக்கும் நாவற்குடாவுக்கும் ஒரே மறுகா.

ஒன்று தசம் எட்டு. இனித் தொடலாம்.

மூடியில் எட்டு ஆணி.
காந்தத் தட்டில் ஒவ்வொன்றாய் விழுந்தன.
திறக்கும்போது நான் எதிர்பார்த்தது உப்பு.
இருந்தது கோதுமை மா.
ரப்பர் ஒரு மூலையில் வெடித்திருந்தது;
அதனூடே வந்து
போர்டு முழுக்க முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல் படிந்து,
அதன் மேல்
மஞ்சள் டெர்மினலில் இருந்து நீலத்துக்கு
எறும்புகள் போட்ட ஒற்றையடிப் பாதை.

வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.
பிரஷ்ஷால் கூட்டினேன்.
பச்சை வயரின் போல்ட் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.
அடியில் செம்பு சாயத்தண்ணி நிறம்.
"கல்லடிப் பாலத்தில ஏறக்குள்ள ஒரு உதறல் வருமா?"
"வரும்.
நான் பாலத்திலதான் பிழை எண்டு நினைச்சன்."

உரசி, துடைத்து,
ஸ்பானர் டிக் என்னும்வரை இறுக்கி,
பசை புதுசு, ரப்பர் புதுசு, மூடி.
படிவத்தில் குறைபாடு என்றொரு கட்டம்.
இல்லை என்று எழுதப் போன பேனை நின்றது.
அரைச் சுற்று, என்று எழுதினேன்.

வண்டி போகிற சத்தம் கேட்காது.
பாண் மெட்டுத்தான் வளைவில் கிறுகி
மெல்ல மெல்லத் தேய்ந்தது.
தட்டைத் துடைக்கத் தூக்கினேன்.
ஓர் ஆணி.

எட்டுப் போட்டேன். போட்டேனா?
சோற்றைப் பிசையும்போது ஒரு மூலை,
பாயில் புரளும்போது மறு மூலை,
எல்லாவற்றையும் மனதில் இறுக்கினேன்.
ஏழுதான் வந்தது. திரும்ப எண்ணினால் ஒன்பது.
பணிஸ் வைஸிலேயே கிடந்தது,
நசுங்காமல், அதற்குள் எறும்போடு.

காலை ஆறேகாலுக்கு மெட்டு வந்தது.
தலையில் குத்திய சீப்போடும் ஸ்க்ரூட்ரைவரோடும் ஓடினேன்.
"ஒரு றாத்தலா, அரையா?"
"முதல்ல சீற்றைத் தூக்குங்க."
எட்டு.
எட்டின் தலையிலும் நேற்றைய என் கீறல்.
"பாலம் திருந்திற்றுகா" என்றார்,
அரை றாத்தலுக்குக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு.

அப்படியென்றால் இது யாருடையது?
முந்தநாள் ஏறாவூர் நேர்ஸின் ஸ்கூட்டர்.
அதற்கு முதல் கிரான்குளத்து மீன்வண்டி.
பணிவேடு திறந்து கிடக்கிறது.
இடது கையில் சூடான பாண்,
காதில் முதலாவது இலக்கம் அடித்துக்கொண்டேயிருக்கிறது.