எண்பத்துநாலு

கச்சேரியில துண்டு தந்தாங்கள்: எண்பத்துநாலு.
உள்ளே ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தொண்டு.
காணி உறுதிப் பையைச்
சைக்கிள் கூடைக்குள்ள போட்டு உருட்டிக்கொண்டு
பழைய பூங்காவுக்கு வந்தன்.

வாசலில ஒரு காவலாளி. ஒண்டும் கேக்கேல்லை.
அடையாள அட்டை, வந்த காரணம், தகப்பன் பேர்,
ஒண்டும்.
இப்பிடி ஒரு வாசலுக்கால நான் போய்க் கனகாலம்.

உள்ளே மரங்கள்,
வெள்ளைக்காரன் பிடிச்ச வரிசையை எப்பவோ மறந்து
தங்கட பாட்டில நிக்குதுகள்.
மகோகனிக் காய் வெடிச்சு
விதை சுழண்டு சுழண்டு இறங்க
ஒரு பெடியன் பிடிக்க ஓடுறான்,
"ஹெலி! ஹெலி!" எண்டு கத்திக்கொண்டு.
நான் அண்ணாந்து பாக்கேல்லை.
குனிஞ்சன்.
அடுத்த வாங்கில கச்சான் உடைச்சுக்கொண்டிருந்தவரும்
குனிஞ்சிருந்தார்.
ரண்டு பேரும் ஆளையாள் பாத்திட்டம்.
அவர் மடியில கிடந்த கோதைத் தட்டிப்போட்டு
எழும்பிப் போனார்.

மரங்களுக்குத் தகரத்தில இலக்கம் அடிச்சிருக்கு.
நான் சாஞ்சது அறுபத்தொண்டு.
ஆர் எண்ணினதோ, ஏன் எண்ணினதோ.
ஆணியைச் சுத்திப் பட்டை வீங்கித்
தகரத்தின்ர ஒரு மூலையை விழுங்கிப்போட்டுது.
இன்னும் கொஞ்ச வருசத்தில
ஆறு போயிடும்,
ஒண்டு மிஞ்சும்.

எங்கட வளவு மரங்களை நான் எண்ணி வைக்கேல்லை.
உறுதியில "வான்பயிர் செய்பயிர்" எண்டு
ரண்டு சொல்லோட முடிஞ்சுது
பலாவும், ரண்டு விலாட்டும்,
நான் விழுந்து கை முறிச்ச கொய்யாவும்.
எல்லை மட்டும் வடிவாய் எழுதியிருக்கு:
வடக்கே ஒழுங்கை,
கிழக்கே தில்லையம்பலம் பெண் இராசமணி,
மேற்கே கோயில் காணி,
தெற்கே பனங்கூடல்.
இப்ப நாலு பக்கமும் முள்ளுக்கம்பி.
அது உறுதியில இல்லை.

திரும்பிப் போக எழுபத்தொம்பது.
"ஐயா சாப்பிடப் போட்டார்.
பின்னேரம் பீல்டு. நாளைக்கு வாங்கோ."

சரி எண்டு சைக்கிளை நேரே மிதிச்சன்.
சுப்பிரமணியம் பூங்காவில ஊஞ்சல் முழுக்கப் பிள்ளையள்;
ஒரு தாய் மட்டும்
ஆரும் பாக்கினமோ எண்டு சுத்திப் பாத்து
சறுக்கு மரத்தில சேலையோட சறுக்கினா.
கீழ வந்து சேர்ந்த பிறகு
கொஞ்ச நேரம் எழும்பேல்லை.

வெயில் சாயக் கோட்டைச் சுவர்.
மேல ஏறினால் புல்லு,
பண்ணைக் கடல்காத்து,
ஒரு குடைக்குள்ள நாலு கால்.
போத்துக்கீசன் பிடிச்சு, ஒல்லாந்தன் பிடிச்சு,
பிறகு பிடிச்சவையளை நான் சொல்லத் தேவையில்லை.
அகழிக் கரையில ஒரு சிவத்தப் பசு
எல்லாரிட இடத்தையும் மேஞ்சுகொண்டு நிண்டுது.
அதிட்டை ஆரும் உறுதி கேக்கேல்லை.
நானும் செருப்பைக் கழட்டிப்போட்டு
நீட்டி நிமிர்ந்து படுத்தன்,
பையைத் தலைக்கு வைச்சு.
உறுதி, வரைபடம், தோம்புப் பிரதி,
ஏழு வருசத்துக் கடிதங்கள்.
நல்ல உயரமான தலகணி.

நாளைக்கும் போவன்.
துண்டு பெரிய இலக்கமாய்க் கிடைச்சால்
அறுபத்திரண்டு எங்க நிக்குதெண்டு
தேடிப் பாக்கலாம்.