வரம்பு மதிப்பு

தோளில் இரண்டு நட்சத்திரம் ஏறி எட்டு வாரம்.
அதற்குள் மறுபடி ஒரு விடுதி, மறுபடி ஒரு நூலக அட்டை.
மற்றவர்கள் இரண்டு வருடம் படிக்கும் எம்.டெக்கை
நாங்கள் ஆறு பேர் பன்னிரண்டே மாதத்தில் முடிக்க வேண்டும்.
பதிமூன்றாவது மாதம் பனியில் எங்கோ ஒரு முகவரி.

காலை ஐந்தரைக்கு ஓட்டம், எட்டரைக்கு ஃபூரியர்.
நிங்தௌஜம் கண்ணைத் திறந்தபடியே தூங்குவான்;
அகாடமி கொடுத்த பயிற்சிகளில்
அதுதான் இங்கே உடனே உதவியது.
அவன் ஊர் மோரே. அங்கே தமிழ்க் கடைகளில் பொறுக்கிய தமிழில்
"மின்சாரம் எனக்கு விரோதம்" என்பான்.

வாளையாரில் கல்லூரி.
அறைக்குள் செல்பேசிக்குக் கேரளம்,
மொட்டைமாடி ஏறினால் தமிழ்நாடு வரவேற்கிறது.
இடையில் கணவாய்.
ஆடிக் காற்றில் அம்மி பறப்பது எங்கள் ஊரில் பழமொழி;
இங்கே அது அளவீட்டுப் பிழை.
தண்டவாளத்தோரம் நான் புதைத்த கண்ணாடி இழை
முதல் வாரம் முழுக்கப் பனைமரங்களைத்தான் கேட்டது.

ஆய்வு இவ்வளவுதான்:
ஒன்றரை அடி மண்ணுக்குள் இழை.
மேலே யார் நடந்தாலும் உள்ளே ஓடும் ஒளி லேசாய் நடுங்கும்.
நடுக்கத்தை வைத்து நடப்பது யாரென்று சொல்ல வேண்டும்.
யானை என்றால் மணி அடிக்கும், ரயில் மெதுவாகும்.
மனிதன் என்றால் ஒன்றுமில்லை, விட்டுவிடு.

யானை எளிதில்லை.
நாலு டன் உடம்பு
பஞ்சை வைப்பதுபோல் பாதம் வைக்கிறது.
அரை மைல் தள்ளிச் செக்போஸ்ட்டில் உறுமும் லாரிக்கு
இதைவிடக் கனம் அதிகம்.

ஜனவரியில் என் நிரல் ஒரு குட்டியைக் கண்டுபிடித்தது.
தினமும் இரவு ஒன்று பத்துக்கு, பி லைனில்,
கிழக்கிலிருந்து மேற்கே, தனியாக.
நிகழ்தகவு பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.
தாயைத் தொலைத்த குட்டி என்று வனத்துறைக்குக் கடிதம் எழுதி
அனுப்பும் முன் நேரில் போனேன்.

டார்ச் அடித்துக்கொண்டு வந்தவர் ஆறுச்சாமி.
வேலந்தாவளத்துக்காரர், லைன் பார்க்கும் ஒப்பந்தக் கூலி.
இடது கால் இரண்டு அங்குலம் குட்டை.
"நானா யானைக் குட்டி?"
நின்று சிரித்தார்.
"சாப்பாட்டு நேரத்துல பாத்தா
எம் பொண்டாட்டியும் ஒத்துக்குவா மேடம்."

இருபது இரவு அவரை நடக்கச் சொல்லி
ஒவ்வோர் அடிக்கும் பெயர் ஒட்டினேன்:
மனிதன். மனிதன். மனிதன்.
பிழை நான்கு சதவீதத்துக்கு இறங்கியது.
பிரசீதா மேடம் "கொள்ளாம்" என்றது
அந்த வருடத்தில் அந்த ஒரு முறைதான்.

ஏப்ரலில் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.
முறை நன்று. வடக்கே பொருத்திப் பார்க்க வேண்டும்.
நிரலை அனுப்பவும், சிறு மாற்றத்துடன்:
விலங்கு என்றால் விட்டுவிடு.
மனிதன் என்றால் மணி.

மாற்ற வேண்டியது ஒரு வரிகூட இல்லை,
ஒரு குறி.
கழித்தல் இருந்த இடத்தில் கூட்டல்.

ஒன்றும் தெரியாமல் உறுதிமொழி எடுத்தவள் இல்லை நான்.
அங்கே இருட்டில் வருகிறவன்
டார்ச் அடித்துக்கொண்டு வரமாட்டான், தெரியும்.
எனக்குப் பின்னால் தூங்குகிறவர்கள் எத்தனை பேர், அதுவும் தெரியும்.
ஆனால் என் இயந்திரத்துக்கு
மனிதன் என்றால் ஆறுச்சாமி.
வேறொருவரை அது நன்றாகப் பார்த்ததில்லை.

நிங்தௌஜம் கடிதத்தை இரண்டு தரம் படித்தான்.
"எங்க ஊர்ல," என்றான்,
"காய்கறி விக்கிறவங்க காலையில அந்தப் பக்கம் போய்
சாயங்காலம் இந்தப் பக்கம் வருவாங்க."
பிறகு எதுவும் சொல்லவில்லை.
டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

குறியை மாற்றினேன்.
அனுப்பும் முன் சோதிக்க வேண்டும், விதி அது.
அன்றிரவு நேரலையில் ஓடவிட்டேன்.

ஒன்று பத்துக்கு மணி அடித்தது.
நிங்தௌஜம் திடுக்கிட்டு எழுந்து
துப்பாக்கியில்லாத இடுப்பைத் தொட்டான்.
திரையில் ஒரு நெட்டை அடி, ஒரு குட்டை அடி,
கிழக்கிலிருந்து மேற்கே.
பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு.

நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரம்தான்.
அவர் லெவல் கிராஸிங்கைத் தாண்டும் வரை
அது அடித்துக்கொண்டிருந்தது.