அறுபத்துமூவர் கொப்பி

காலை ஆறரை. ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது,
நான் தூக்கியதல்ல.
பக்கத்துக் கடைக்கு மீன்பெட்டி இறக்கிய பெடியன்
"அண்ணை, பொலிசுக்கு அடிச்சிட்டன்" என்றான்.

லாச்சப்பலில் இது புதினமில்லை.
பதினொரு பழைய போன், கொத்துக் கொத்தாய்ச் சார்ஜர்,
கல்லாவுக்குள் கிடந்த சில்லறை,
எல்லாம் போயிருந்தன.
மேசைக்கு அடியில்
சிவப்பு மட்டைக் கொப்பி மட்டும் மல்லாந்து கிடந்தது,
இருபத்தோராம் பக்கத்தில் ஈரச் சப்பாத்தின் அச்சோடு.

மிதித்துவிட்டுப் போயிருக்கிறான்,
கடையிலேயே விலை கூடிய பொருளை.

பொலிஸ்காரி பட்டியல் கேட்டாள்.
கொப்பியைச் சொல்லவில்லை.
களவு போகாததை எப்படிக் களவென்று எழுதுவது?

அறுபத்துமூன்று பேர் அதற்குள்.
நாயன்மார் இல்லை, நாய்படாப் பாடு பட்டவர்கள்.
காஃப் காசுக்கு, பிரிபெக்சர் ரொந்தேவுக்கு,
சம்பளத் துண்டு இறக்க, வரிக்கணக்குக் காட்ட
என் கதிரையில் வந்து இருந்து
"தம்பி, நீயே எழுதி வை, எனக்கு மறந்துபோகும்" என்றவர்கள்.
கடவுச்சீட்டு இல்லாதவரிடமும்
கடவுச்சொல் கேட்கிற நாடு இது.

நேசராசாவுக்கு, விசா மறுத்த கடிதத்தின் திகதி.
திலகவதிக்கு, விட்டுப்போன புருஷனின் பெயர்.
"மாத்துவமா?" என்று ஒருநாள் கேட்டேன்.
"இருக்கட்டும், அதாவது வேலை செய்யுது" என்றா.
சமையல்கார ஐங்கரனுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக;
எவரையும் சந்தேகித்தறியாத மனிதர்.
அருந்தவமலர் அக்கா சொன்னது ஒரு பிள்ளையின் பெயர்,
ஆறு வயதோடு நின்றுவிட்ட பிள்ளை.
'சிறப்புக் குறி ஒன்றாவது தேவை' என்றது திரை.
அந்தப் பெயருக்குப் பின்னால்
வியப்புக்குறி போட்டவன் நான்.

மறந்துபோகும் என்று எழுதத் தந்ததெல்லாம்
அவர்களால் மறக்க முடியாதவை.

எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதியிருந்தேன்,
பெரிய எம், சின்ன ஏ, ஏழு, நட்சத்திரம் என்று.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் சேர்ந்து
ஓர் இரும்புப்பெட்டி என்ற நினைப்பு எனக்கு.
கள்ளனுக்குத் தமிழ் தெரியாதது அவன் குறை,
என் கெட்டித்தனம் இல்லை.
வாசலில் நின்று பார்த்தேன்:
மரக்கறிக் கடை, நகைக்கடை, கோவில் நோட்டீஸ்,
தெரு முழுக்க என் பூட்டுக்குத் திறப்பு.

அன்று கடை திறக்கவில்லை. ஒவ்வொருவராய் அழைத்தேன்.
ஐங்கரன் சிரித்தார்:
"எடுக்கிறவன்தான் பாவம், கணக்கு மைனசில நிக்குது."
திலகவதி ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தா.
சிலர் ஏசினார்கள். ஏசட்டும்.

பின்னேரம் அருந்தவமலர் அக்கா வந்தா,
துப்புரவு வேலை உடுப்போடு.
விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
"அங்கால பாருங்கோ தம்பி" என்றா.
கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தேன்.
ஒற்றை விரல்.
எண்ணக்கூடாது என்று நினைத்து நினைத்தே எண்ணினேன்,
பதினான்கு தட்டு.
இரண்டு தரம் பிழை, மூன்றாம் தரம் சரி.
பழக்கதோஷத்தில் பேனை தேடிய கையைப்
பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவரவர் பக்கத்தைக் கிழித்து
அவரவர் கையில் கொடுப்போம் என்றால்
தாளுக்கு இரண்டு பக்கம்;
திலகவதியின் முதுகில் நேசராசா.
வாளிக்குள் போட்டு ஜாவல் ஊற்றினேன்.
மை நீலமாய்க் கிளம்பிப்
பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று.

நாலு பேர் இன்னும் போன் எடுக்கவில்லை.
ஒருவர் லண்டனாம்.
இன்னொருவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.
அவர்களுடையது இப்போது என் தலைக்குள் மட்டும்,
பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி பிசகாமல்.
தலைக்கு ஊற்ற ஜாவல் இல்லை.
கடைசி மெத்ரோவில்
உதடு அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.