முப்பத்தெட்டரை

பஞ்சிகாவத்தையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது.
நிஹ்மத் நானாவின் கடை வாசலில்
கழற்றிப் போட்ட கியர் பெட்டிகளுக்கு நடுவே
கால் வைக்க இடம் தேடி நின்றேன்.
கைப்பையில் ஒரு கொப்பித் தாள்,
நேற்றிரவு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துப் போட்ட கணக்கு.

"ஃபோர் கே தானே மிஸ்? இத எடுங்க.
ரேஸ் ஓடுற பொடியன்மார் எல்லாம் இதுதான்."
சிவப்புப் பூச்சு. சுருளுக்குள் இன்னொரு சுருள்.
அழுத்திப் பார்த்தேன்,
கட்டைவிரல் வெளுத்தது,
வில் அசையவில்லை.

பழைய கேம் வால்வை ஒன்பது மில்லிமீற்றர் தள்ளும்.
லயனல் பாஸ் அரைத்துத் தந்த புதியது
பதினொன்று தசம் நான்கு.
வித்தியாசம் ஒரு தீக்குச்சியின் தடிப்பு.
அந்தத் தீக்குச்சிக்காகத்தான் மூன்று மாதச் சம்பளம்.

மூடிய வால்வின் மேல்
வில் உட்காரும் உயரம் முப்பத்தெட்டரை.
முழுக்கத் திறந்தால் மிஞ்சுவது
இருபத்தேழு தசம் ஒன்று.
கொம்பனி வில்லோ இருபத்தேழு தசம் எட்டிலேயே
கம்பியோடு கம்பி முட்டி
வெறும் இரும்புக் குழாய் ஆகிவிடும்.
அதன் பிறகும் கேம் தள்ளும்.
கேமுக்குக் கணக்குத் தெரியாது.
வளைவது தள்ளுதண்டு,
இல்லாவிட்டால் உடைவது ரொக்கர்.

மெலிந்த வில் இன்னொரு விதம்.
ஆறாயிரத்து எண்ணூறு சுற்றில்
வால்வு வீடு திரும்ப மறந்து மிதக்கும்.
பிஸ்டன் மேலே வந்து ஞாபகப்படுத்தும்.

அப்படியானால் சிவப்பையே எடுக்கலாமே என்பீர்கள்.
நானாவும் அதைத்தான் சொன்னார்,
பிளேன்ரீ வரவழைத்துக்கொண்டே.
அறுபத்திரண்டு கிலோ, வால்வு மூடியிருக்கும்போதே.
எண்ணெயின் மெல்லிய தோல் அதற்குக் கிழியும்,
கேமின் மூக்கு தேயும்,
சத்தம் இல்லை, புகை இல்லை.
ஒரு நாள் அளந்தால்
பதினொன்று தசம் நான்கு
திரும்பவும் ஒன்பதாகி இருக்கும்.

கீழ்த்தட்டில் ஈரத்தில் ஊறிய மட்டைப் பெட்டி.
பெயரில்லை. எந்த வண்டிக்கென்று நானாவுக்கும் தெரியாது.
சாம்பல் நிறத்தில் எட்டு வில்கள்.
வைஸில் பூட்டி முறுக்கினேன்,
இருபத்தைந்து தசம் இரண்டில் நின்றது.
இடைவெளி ஒன்று தசம் ஒன்பது.
போதும். நன்றாகவே போதும்.
"இது பழைய சரக்கு மிஸ், எவனும் திரும்பியும் பாக்கல்ல"
என்றார்; விலையைக் குறைக்கவில்லை.

லயனல் பாஸின் பட்டறை ஆமர் வீதிக்குப் பின்னால்.
வீட்டில் நான் ஏறி நிற்கும் எடைத் தராசை
ட்ரில் மெஷினின் மேசையில் வைத்தோம்.
மேலே வில். கைப்பிடியை இறக்கி
முப்பத்தெட்டரையில் நிறுத்தி முள்ளைப் பார்ப்பது என் வேலை.
கப்பல் கொம்பனியில் பகலெல்லாம்
அடுத்தவர் கணக்கை ஒப்புப் பார்க்கிறவள் நான்,
முள்ளை நம்புகிறவள் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன்.

முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு.
முப்பத்தேழரை.
முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு.
ஏழாவதும் அப்படியே.
எட்டாவது முப்பத்துமூன்று.

திருப்பிப் போட்டோம். துடைத்துப் போட்டோம்.
முப்பத்துமூன்று.

பாஸ் ஒரு வளையத் தகட்டை நீட்டினார்.
கீழே வைத்தால் பாரம் கூடும், உண்மை.
ஒன்று தசம் ஒன்று தடிப்பு. வைத்தால்
இடைவெளி தசம் எட்டுக்கு இறங்கும்.
"ஒண்ணும் ஆகாது நங்கி," என்றார்.
அவர் சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான்.

ஏழை ஒரு பையில் போட்டேன்.
எட்டாவதைத் தனியே கையில் எடுத்துக்கொண்டு
பஞ்சிகாவத்தைக்கு மறுபடி நடந்தேன்.
நானா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
குனிந்து உள்ளே போனேன்.
ரோர்ச் வெளிச்சத்தில் தகரப் பேணிகளைக் கவிழ்த்து
ஒன்பதாவது ஒன்றைத் தேடத் தொடங்கினோம்,
அவர் முணுமுணுத்தபடி,
நான் வேர்னியரைத் திறந்து வைத்தபடி.