எர்த்

மாரண்டஹள்ளி, மூன்றாவது தெரு.
காலை ஏழு பத்து.
மூன்று வாரத் தவணை இல்லையென்று
கதவைப் பிடித்தபடி சொன்னாள் முனிரத்னா.
நான் பேச வேண்டியதைப் பேசினேன்.
பக்கத்து நாலு வீட்டுக்கும் கேட்கிற அளவில் பேசினேன்.
குரலின் அளவு பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தது.
பிறகு கோபமாக வண்டியில் ஏறி
செல்ஃபை அழுத்தினேன்.

டிக்.

இன்னொரு தரம்.
டிக்.

கிக்கர் இல்லாத மாடல்.
தள்ளி ஓடலாமென்றால்
எந்தப் பக்கம் திருப்பினாலும் மேடாகவே தெரிகிற தெரு.
கோபித்துக்கொண்டு கிளம்பியவன்
கிளம்ப முடியாமல் நிற்பதைக்
குழாயடியில் குடங்கள் பார்த்தன.
"பேட்டரி அவுட்டு" என்றார் பல்குச்சியோடு ஒருவர்.
"பிளக்கைக் கழட்டி ஊது" என்றது இன்னொரு குரல்.
ஊதினேன். பெட்ரோல் வாசனைதான் வந்தது.

"அமுக்கறப்போ லைட்டு மங்கல.
சும்மா பேட்டரி மேல பழி போடாதீங்க."
முனிரத்னா.
கையில் மஞ்சள் மீட்டர்,
சிவப்பும் கறுப்பும் இரண்டு முள்.

ஓசூரில் நாலு வருஷம்
ஸ்டார்ட்டர் மோட்டார் சோதிக்கிற லைனில் நின்றவளாம்.
விடிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ்,
ஒரு நாளைக்கு அறுநூறு மோட்டார்.
போன ஐப்பசியில் லைனையே பெயர்த்து
வடக்கே எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.
"கடைசி மாசச் சம்பளம் வரல.
இதை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."
மீட்டரைத்தான் சொன்னாள்.

சீட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன்.
பேட்டரியின் இரு முனையிலும் முள் வைத்தாள்:
பன்னிரண்டு புள்ளி ஆறு.
"சும்மா இருக்கறப்போ எல்லாமே சரியாத்தான் காட்டும்.
இப்ப அமுக்குங்க."
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
"பாருங்க, நிக்குது."

பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முள், மோட்டார் முனையில் ஒன்று.
அமுக்குங்க.
புள்ளி ஒன்று.
"வர்ற வழி சுத்தம்."

பேட்டரி மைனஸில் ஒரு முள்,
இஞ்சின் உடம்பில் இன்னொன்று.
அமுக்குங்க.
பதினொன்று.

குந்தியிருந்தவள் சிரித்துவிட்டாள்.
"பன்னெண்டுல பதினொண்ணு
இந்த ஒரே எடத்துல முழுங்கிடுது.
மோட்டாருக்கு என்ன சார் மிஞ்சும்?
டிக்குங்கறதுக்குக் கூட
ரிலேதான் வேற வழியில கரண்டு வாங்கிக்குது."
நான் கையிலிருந்த வசூல் பையை
சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

சேற்றைச் சுரண்டினால்
பத்தாம் நம்பர் போல்ட், அதற்கடியில் எர்த் ஒயர்,
ஒயர் நுனியில் வெள்ளைப் படிவம்.
எங்கள் ஜில்லாவில்
போர்த்தண்ணீர் காய்ச்சும் பாத்திரமெல்லாம்
அடியில் கட்டிக்கொள்ளுமே, அதே வெள்ளை.
சாவியை அணைக்கச் சொல்லி
ஸ்பேனர் கேட்டாள், கொடுத்தேன்.
உப்புத்தாள் வீட்டிலிருந்து வந்தது.
செம்பு தெரியும்வரை தேய்த்து,
இஞ்சின் பக்கமும் தேய்த்து,
இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவி,
பாவாடையில் கை துடைத்தாள்.

அழுத்தினேன்.
முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.
பல்குச்சிக்காரர் "நான் சொல்லல?" என்றார்.
என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

சட்டைப் பையில் கையை விட்டேன்.
"அதெல்லாம் வேணாம்.
தவணையில கழிக்கவும் வேணாம்.
பாக்கின்னா பாக்கிதான்.
இது வேற, அது வேற."
மீட்டரை அணைத்தாள்.
"அடுத்த வாரம் வந்தா
கொஞ்சம் மெதுவா பேசுங்க.
பையன் பரிச்சைக்குப் படிக்கறான்."

வெள்ளிச்சந்தைப் பிரிவில் ஓரங்கட்டி
இஞ்சினை அணைக்காமல் போனைத் திறந்தேன்.
பணம் வராததற்குக் காரணம் கேட்கும் கட்டம்.
தேர்ந்தெடுக்க நான்கே சொல்:
நோய். மரணம். மறுப்பு. வெளியூர்.

வெளியூர் என்பதை அழுத்தினேன்.
முழுப் பொய் இல்லை.
போனது அவள் இல்லை, அவ்வளவுதான்.
விரலில் வாசலின் பிசுக்கு.
திரை முதல் தடவை கேட்கவில்லை.
சட்டையில் துடைத்துவிட்டு
இன்னொரு தரம் அழுத்தினேன்.