தேறுமா, தேறாதா

பிப்ரவரி. காஓர் நகரம்.
கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு பாட்டில்கள்,
கழுத்தில் எண் மட்டும்.
யார் தோட்டம், யார் தொட்டி, தெரியாது;
தெரியவும் கூடாது.
தேறுமா தேறாதா என்று
ஐந்து பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் கண்.
வெள்ளைக் காகிதத்தின்மேல் கோப்பையைச் சாய்த்தால்
விளிம்பில் ஊதா, நடுவில்
மைக்கூடு கவிழ்ந்த பள்ளிக்கூட மேசை.
எங்கள் ஆற்றங்கரை மால்பெக்கைச்
சிவப்பு என்று சொன்னால் கோபம் வரும் எங்களுக்கு.
பிறகு மூக்கு.
பிறகு ஒரு வாய், காற்றையும் சேர்த்து உறிஞ்சி
(ஆர்மெல் உறிஞ்சினால்
குளியல் தொட்டி காலியாகும் சத்தம்)
பல்லிடுக்கு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி
எல்லாம் காட்டிவிட்டு
வாளியில் துப்பிவிட வேண்டும்.
விழுங்குகிறவன்
பதினோரு மணிக்கு மேல் எல்லோரையும் மன்னித்துவிடுவான்.

மூன்றாம் எண் இரண்டே நிமிடம்.
ஐந்து கையும் உயர்ந்தன.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நான்கைத் திறந்தோம்.

ஏழில்தான் சண்டை.
குதிரை லாயம், என்றான் ஒதிலோன்,
சேணத்தைக்கூட இறக்கவில்லை, தேறாது.
மருந்துக்கடை பெர்தீல் முகர்ந்து
கோப்பையைத் தள்ளி வைத்தாள்: கட்டுப்போட்ட துணி.
தரகர் கஸ்தோன், விற்கலாம் என்றார்.
அவர் மழையையும் விற்பார்.
ஆர்மெல் கண்ணை மூடி
உலர்ந்த ப்ளம், புகை, பொறுங்கள், இன்னும் வருகிறது என்றாள்.
இரண்டுக்கு இரண்டு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் துவர்த்தது.
முரட்டுத் துவர்ப்பு, நாக்கின் சட்டையைப் பிடித்து
உட்காரடா என்கிற துவர்ப்பு.
உட்கார்ந்தேன்.
உடனே தெரிந்துபோயிற்று
இது ஸெலியின் தோட்டம்.

செப்டம்பரில், அறுவடைக்கு முந்தின திங்களன்று
ஃபிர்மான் இறந்துபோனான்.
குலைகள் பன்னிரண்டு நாள் கூடுதலாகத் தொங்கின.
பதின்மூன்றாம் நாள் மழையில் போய் வெட்டினோம்.
நானும் இரண்டு வரிசை வெட்டினேன்.
ஒருவரும் பேசவில்லை, கத்தரிகள்தான் பேசின.
ஸெலி தொட்டியருகே நின்று
ஒவ்வொரு கூடைக்கும் நன்றி, நன்றி என்றாள்,
கூடையைப் பார்த்து.

அந்தப் புகை, அந்த லாயம், அந்தக் கட்டுத்துணி
வேறு எங்கிருந்து வரும்?
மாட்டேன் என்று இருபது வருடம் இருந்தவன்
விழுங்கினேன்.
தேறும், என்றேன். குரல்
கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

பன்னிரண்டு முடிந்ததும் காகிதம் பிரித்தார் எழுத்தர்.
ஏழாம் எண்: ஒதிலோன்.
ஒதிலோன் தன் பெயரை இரண்டு முறை படித்தான்,
கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை.
நல்ல சாதிக் குதிரைதான், என்றார் கஸ்தோன்.
சிரித்துச் சிரித்துப் பெர்தீலுக்கு விக்கல்.

மூன்றாம் எண், ஸெலி.

என் தாளைத் தேடினேன்.
மூன்றுக்கு எதிரே என் கையெழுத்தில்
தெளிவு. நேர். துவர்ப்பு அளவு.
குறிப்பு ஏதுமில்லை.
பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கேட்கலாமா என்று திரும்பினால்
எழுத்தரின் மகன் அதற்குள்
எல்லாவற்றையும் ஒரே வாளியில் கவிழ்த்திருந்தான்.

மாலையில் லோத் ஆற்று வளைவில் வண்டியை மெதுவாக்கினேன்.
ஸெலி கொடிகளுக்கு நடுவே,
வெட்டிய கிளைகளைத் தகர வண்டியில் எரித்துக்கொண்டு.
கண்ணாடியை இறக்கினேன்.
தேறிற்றா?
தேறிற்று.
எத்தனை கை?
ஐந்தும்.
ஏதாவது சொன்னார்களா?
ஒன்றும் சொல்லவில்லை.

நல்லது, என்றாள்,
அடுத்த கொடியின் முன் குனிந்தாள்.
நான் கிளம்பினேன்.
வீடு வரைக்கும் என் பல்லிடுக்கில்
ஒதிலோனின் குதிரை
கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது.