தாமதக் காரணம்

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில்
என் பதிவேட்டின் கடைசிக் கட்டம்:
தாமதக் காரணம்.
டயர் வெடிப்பு. தொப்பூரில் லாரி கவிழ்ந்தது.
செப்டம்பர் பிறந்தால்
மேட்டூர் நீர்மட்டம் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன்.
நாற்பதடிக்குக் கீழே என்றால்
பெங்களூர் வண்டி ஓசூரோடு திரும்பும்.

"கலவரம்னு எழுதாதீங்க" என்றார் கிளை மேலாளர்.
சாலை நிலை என்று எழுதினேன்.

ஜூஜூவாடியில் இறங்கிய கூட்டம்
மூட்டையோடு அத்திப்பள்ளிக்கு நடக்கிறதாம்.
நடத்துநர் தணிகைவேல் போனில்:
"பூக்காரம்மா மிச்ச தூரத்துக்குக் காசு கேட்டுச்சு,
குடுத்துட்டேன். எதுல எழுத?"

இங்கே மூன்றாம் நடைமேடையில்
இரண்டு நாளாய் ஒரு கர்நாடக வண்டி,
பெயர்ப்பலகைமேல் கோணிச்சாக்கு.
ஓட்டுநர் மல்லேசப்பா காலி பாட்டிலோடு வந்தார்.
குழாயில் மேட்டூர்த் தண்ணீர்தான்.
மூடியை இறுக்கிக்கொண்டே,
"குடகுல மழையாம் சார்."

நாளைய பக்கம் திருப்பி
பெங்களூர் 5.40க்குக் கோடு போட்டேன்.